ஆறாவது டேக்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கும் சட்டை காய்ந்துவிட்டது.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஐந்து நண்பர்கள் கொட்டும் மழையில் ஓடிவந்து அந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். நேற்று வாசலில் எடுத்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். அடுத்த ஷாட் கூடத்தில். இன்று அதை எடுக்கும்போது ஐந்து பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார்கள். "சார், தண்ணி தெளிக்கணும்" என்றேன். டைரக்டர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "நடந்து வர்றதுக்குள்ள காஞ்சிருச்சுன்னு வெச்சுக்கோங்க."

நாலு எட்டில் காய்கிற சட்டை எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வழக்கம்போல என் குறிப்பு நோட்டில் எழுதி நீட்டினேன். "வேண்டாம்" என்று பக்கத்தில் எழுதி, கையெழுத்தைக் கிறுக்கித் திருப்பித் தந்தார்.

பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். ஒரு ஷாட்டில் இடது தோளில் தொங்கிய பை அடுத்த ஷாட்டில் வலது தோளுக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது. எந்த டேக்கில் என்ன நடந்தது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. செட்டில் எல்லாருக்கும் நான் 'கண்டினியூட்டி அக்கா'. சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 12, புதன்

கொலைகாரனின் முகமூடிக்குள் இன்று மூன்றாவது ஆள். முதல் ஆள் ஆறடி. இவர் என் காது உயரம். கொலைகாரன் கொலைக்குக் கொலை குட்டையாகிக்கொண்டே போகிறான். இப்படியே போனால் கடைசிக் காட்சியில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பகலில் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி இரவாக்கியிருக்கிறார்கள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. மூன்றாவது நண்பனைக் கொல்லும் காட்சி. கதைப்படி வாசல் கதவு பத்தடியில் இருக்க, அவன் மாடிப்படி ஏறி ஓடுகிறான்.

"ஏன் சார் மேல ஓடறான்? வெளியில போகலாமே?"

"பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது."

உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். வாசல் கதவுப் பக்கச் சுவரை இந்த செட்டில் கட்டவே இல்லை. வெளியே ஓடினால் நேராக லைட்மேன்கள் டீ குடிக்கும் பெஞ்சில் போய் விழுவான்.

சரி, அது போகட்டும். கொலைகாரன் நடந்தே வருகிறான், ஓடுகிறவனுக்கு முன்னால் மாடியில் நிற்கிறான். சுவர்க் கடிகாரம் காலையிலிருந்து பத்தேகால். சிக்னலே இல்லை என்று அழுகிற செல்போனில் மணி அடிக்கிறது. எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். என் நோட்டில் இப்போது அவர் எழுத்துதான் அதிகம்.

செட்டில் நடிகர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாகிற வரிசைதான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதாகச் சாகும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, இது முதல் படம். "நாலு" என்று யார் கூப்பிட்டாலும் "இதோ!" என்று ஓடிவருகிறாள். என்னிடம் வந்து, "அக்கா, போன ஷாட்ல என் முடி காதுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

இதை எழுதணும். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

சமையலறைக் காட்சி. நாலு பின்வாங்கிப் பின்வாங்கித் தொட்டியில் முட்டி நிற்பாள். முகமூடி கத்தியை ஓங்குவான். அவள் இடது கையை உயர்த்திக் கத்துவாள். அவ்வளவுதான் ஷாட். கத்தி அவள்மேல் படவே வேண்டாம்.

அந்தக் கத்தியில் இரண்டு உண்டு. ஒன்று ரப்பர், கைப்பிடியில் இரண்டு ஆணி பெயிண்டில் வரைந்திருக்கும். இன்னொன்று அசல், மூன்று பித்தளை ஆணி. பளபளப்பை மட்டும் கிட்டத்தில் காட்டுவதற்காக வாங்கியது. அசலை ஆள்மேல் ஓங்கக் கூடாது, அது எல்லா செட்டிலும் சட்டம்.

ஐந்து டேக் ரப்பரில் போனது. ஓங்கும்போது நுனி ஆடியது. டைரக்டர் கொதித்துவிட்டார். "கத்தியா இது? வெண்டைக்காய் மாதிரி வளையுது! அதைக் குடுங்கய்யா!" சாமான் பொறுப்பில் இருக்கும் பெரியவர் பெட்டியை மூடிக்கொண்டு, "அது க்ளோசப்புக்கு மட்டும்தான் சார்" என்றார். "ஒரே ஒரு டேக். படம் எடுக்கறது நானா நீங்களா?" பெரியவர் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன் சார்" என்றாள்.

நான் என்ன செய்தேன்? தாளில் எழுதினேன். 'டேக் 6 – அசல் கத்தி.' முத்து முத்தாக எழுதினேன். வாயைத் திறக்கவில்லை. சட்டை காய்ந்ததற்குத் திறந்த வாய். கடிகாரத்துக்குத் திறந்த வாய்.

முகமூடியின் கண் ஓட்டை சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. தூரம் தெரியாது. ஓங்கினான். அவள் கத்தினாள்.

டைரக்டர், "சூப்பர்!" என்றார். கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முழங்கை வழியாக ரத்தம் இறங்கித் தரையில் சொட்டியது. எல்லாரும் மேக்கப் ரத்தம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தாளில் அந்த ஷாட்டுக்கு ரத்தமே கிடையாது. அடுத்த ஷாட்டில்தான்.

"இந்த ஷாட்ல ரத்தம் கிடையாது!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. "அய்யோ, இந்த ஷாட்ல ரத்தமே கிடையாதுய்யா! நிறுத்துங்க!"

அப்புறம்தான் ஓடினார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அவளுக்கு உள்ளங்கையில் பதினாறு தையல். நரம்பில் பட்டிருக்கிறதாம்.

காலையில் புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலில் தேன். "அக்கா, நேத்து ஷீட்டுல ஒரு சின்னத் திருத்தம். ஆறாவது டேக், ரப்பர் கத்தின்னு புதுசா ஒரு தாள் எழுதிக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி பார்த்துக்கும். அந்த டேக்கை அழிச்சுடறோம், படத்துல வராது. அந்தப் பொண்ணுக்கும் இதுதான் நல்லது. முதல் படம், வம்பு பிடிச்ச பொண்ணுன்னு பேர் வந்துட்டா அப்புறம் யார் கூப்பிடுவா?"

எழுதிக் கொடுத்தேன்.

ஆமாம். எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் செல்போனில் இருந்த அந்த ஷாட்டின் போட்டோக்களையும் எதிரில் உட்கார்ந்து அழிக்கச் சொன்னார். அழித்தேன். ஒவ்வொன்றாக.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

நாலு மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். கட்டோடு. மிச்சக் காட்சிகளை முடித்துத் தரணுமாம்.

கட்டு தெரியக் கூடாது என்று இடது கையில் ஒரு கம்பளிக் கையுறை மாட்டிவிட்டார்கள். சமையலறையில் வெறும் கை. அங்கிருந்து ஓடி மாடிப்படிக்கு வரும்போது ஒரு கையில் மட்டும் கையுறை. கொலைகாரன் துரத்தும்போது ஒரு கைக்கு மட்டும் குளிருமா? "பயத்துல கையில கிடைச்சதை மாட்டிக்கிட்டா" என்கிறார் டைரக்டர். சாகும் காட்சியில் விரல்களை மட்டும் கிட்டத்தில் காட்ட டூப்புக்கு வேறொரு பெண். அவள் நகத்தில் பாலிஷ்.

குறிப்பு நோட்டில் எழுதினேன். வேண்டாம், கையெழுத்து.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

படப்பிடிப்பு முடிந்தது. பூசணிக்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் வந்துவிட்டது. நான் போகவில்லை. வீட்டுக்காரர், "உன் படம்தானே, போகலாமே" என்றார். தலைவலி என்றேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற இவருக்கு ஒரு சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். ஆனாலும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மகள் சாயங்காலம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு செல்போனை எடுத்து வந்தாள். "அம்மா, இதைப் பாரேன். 'ஒரு படம், முப்பத்தொரு ஓட்டை'யாம்!"

தொப்பி போட்ட ஒருத்தன் படத்தை நிறுத்தி நிறுத்திக் கிண்டல் செய்கிறான். காய்ந்த சட்டை. குட்டையாகும் கொலைகாரன். பத்தேகால் கடிகாரம். எல்லாம் என் நோட்டில் இருப்பது, வரிசைகூட மாறாமல். இருபத்திரண்டாவது கையுறை. "திடீர்னு ஒத்தைக் கைக்கு மட்டும் ஜுரம் வந்துருச்சு போல!" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினைந்து வயது, சிரிக்கிற வயதுதான்.

கடைசியில் பெயர்ப் பட்டியலை நிறுத்தி, கண்டினியூட்டி என்கிற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டான். "இந்தம்மா யாருங்க? படம் முழுக்கத் தூங்கிட்டாங்களா?"

மகள் சிரிப்பு நின்றது. அது என் பெயர்.

நான் அதற்குக்கூட அவ்வளவு கொதிக்கவில்லை. அடுத்து அவன் சொன்னான், "ஆனா ஒண்ணு. மொத்தப் படத்துலயும் ஒரே ஒரு இடம் நிஜமா இருக்கு. சமையலறைல அந்தப் பொண்ணு கத்தற கத்து. உடம்பெல்லாம் சிலிர்க்குது. அதுக்கு மட்டும் கைதட்டலாம்." என்று அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினான்.

ஆறாவது டேக்.

அழிச்சுடறோம்னானே அந்த மேனேஜர்! படத்துல வராதுன்னானே! பாவி, அதையேதான் வெச்சிருக்காங்க. முழுசா. முழங்கையில ரத்தம் இறங்கற வரைக்கும். ட்ரெய்லர்லயும் அதுதானாம். நாடே அவ கை கிழியறதைப் பார்த்துக் கைதட்டுது.

"என்னம்மா?" என்றாள் மகள். "ஏம்மா அழறே? அவன் கெடக்கான் விடும்மா."

அழவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்ணில்தான் வரும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பத்தொன்பதாவது ஓட்டை: ஓங்குவதற்கு முந்தைய ஷாட்டில் கத்திக் கைப்பிடியில் இரண்டு ஆணி, ஓங்கும்போது மூன்று. "கத்தி குட்டி போட்டிருக்குங்க!" என்கிறான்.

முந்தையது நாலாவது டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியது. ரப்பர்.

சிரிக்கிறான், சிரிக்கட்டும். ஆனால் அவன் கண்ணில் பட்டது உலகத்தில் வேறு யார் கண்ணிலும் படவில்லை. மூன்று ஆணி என்றால் அசல் கத்தி என்று அவனுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 16, சனி

அவளைப் பார்க்கப் போனேன். ஒரு சலவைக் கடைக்கு மேலே, தன் அக்காவோடு இருக்கிறாள். படியெல்லாம் சோப்பு வாசனை. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு, "வாங்கக்கா" என்றாள். வராதே என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. நடிக்க வருவதற்கு முன்னால் அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். இடது கைக்காரி. "கத்தரி நிக்க மாட்டேங்குதுக்கா. நழுவிடுது" என்றாள், என்னவோ கத்தரியின் தப்பு மாதிரி. கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வந்ததோடு சரி, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

"படம் பார்த்தியா?"

"எப்படிக்கா பார்ப்பேன்? தெருவுல போனா பசங்க என்னை மாதிரியே கத்திக் காட்டறாங்க. பஸ்ல ஒருத்தர் போன் அடிச்சுது. என் சத்தம்க்கா. ரிங்டோனா வெச்சிருக்கார். ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டேன்."

சினிமாக்காரர்கள் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். கம்பெனி பதில் அனுப்பிவிட்டது: செட்டில் ஆள்மேல் ஓங்க அசல் கத்தி பயன்படுத்தவே இல்லை, வீட்டில் எதையோ உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டு வந்து பழி போடுகிறாள், ஆதாரம் இணைப்பு. அவளுடைய அக்கா உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

'டேக் 6 – ரப்பர் கத்தி.' கீழே என் கையெழுத்து.

"உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றார் அந்த அக்கா.

மேனேஜர்மேல் கோபம், டைரக்டர்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கைமேல் கோபம். இதோ இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இதே கை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேனேஜர் போன். ஆறு மாதம் கழித்து. "அக்கா எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இருபத்தேழாம் தேதி சங்கத்துல ஒரு சின்ன விசாரணை. தாள்ல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அக்டோபர்ல அடுத்த படம் ஆரம்பிக்கறோம், உங்களைத்தான் போடணும்னு டைரக்டரே சொல்லிட்டார்."

"அந்த டேக்கை அழிச்சுடறதாச் சொன்னீங்களே?"

"எடிட்டர் ஆசைப்பட்டாருக்கா. நல்லா வந்திருந்துச்சு இல்லே?"

நல்லா வந்திருந்துச்சு! போனைத் தூக்கி எறியப் போனேன். மகளுடைய பழைய போன், அதனால் மெத்தைமேல் எறிந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு இவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இவர் பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"பொய்யா எழுதினேன்னு நீயே போய்ச் சொன்னா உன்மேலயும் நடவடிக்கை எடுப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"அதுவும் தெரியும். போகாதேன்னு சொல்றீங்களா?"

"நான் பார்க்காத லிஃப்டுக்குப் பார்த்ததாக் கையெழுத்துப் போட்டு, அது விழுந்திருந்தா, நீ என்னை இந்த வீட்டுக்குள்ள விட்டிருப்பியா?"

இந்த மனுஷனுக்கு எப்போது பேசத் தெரிகிறது பாருங்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

வரிசையாக எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

சங்க அலுவலகத்தில் நீள மேஜை. எதிரில் மூன்று பேர், நடுவில் தலைவி, வயதான நடிகை. ஒரு பக்கம் டைரக்டர், மேனேஜர், கம்பெனி வக்கீல். இன்னொரு பக்கம் அவளும் அவள் அக்காவும். அவள் கையை மடியில் மறைத்து வைத்திருந்தாள்.

வக்கீல் தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமா. தாள் நான் எழுதினதுதான். எழுதியிருக்கறது பொய்."

மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. வக்கீல் மட்டும் அசரவில்லை. "அப்போ எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா? எதை நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். படத்தைப் போடுங்க."

போட்டார்கள். சமையலறை. நான் எழுந்து போய் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார்கள். "இங்க கைப்பிடியில ரெண்டு ஆணி, பெயிண்ட். ரப்பர் கத்தி. இப்போ அடுத்த ஷாட். மூணு ஆணி, பித்தளை. லைட் பட்டு மின்னுது பாருங்க. ரப்பர் மின்னாது. ரத்தம் வர்ற ஷாட் இதுக்கு அடுத்தது. இதுல ரத்தமே இருக்கக் கூடாது. எப்படி வந்துச்சுன்னு அவரைக் கேளுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்தை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கத்து அந்த அறை முழுக்கக் கேட்டது. அது என் தப்பு. அவள் அக்கா அவள் காதுகளைத் தன் கையால் பொத்தினார்.

வக்கீல் சிரித்தார். "ஆணி மாறினது கவனக்குறைவு. அதைப் பார்த்துக்கறதே இவங்க வேலைதான். ஒரே படத்துல முப்பத்தொரு தப்பு விட்டவங்க, ஊரே சிரிக்குது. இவங்க சாட்சியை—"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை. நோட்டை எடுத்து மேஜைமேல் போட்டேன். "முப்பத்தொண்ணு இல்லீங்க, நாப்பத்தஞ்சு! பதினாலு அந்த வீடியோக்காரனுக்கே தெரியல! அந்த ஆணியைத் தவிர ஒவ்வொண்ணும் இதுல இருக்கு, தேதியோட இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். யாரு? இதோ உக்காந்திருக்காரே, இவருதான்! பிப்ரவரி இருபத்தொண்ணு: 'பதினேழாம் தேதிக் காயத்தின் கட்டை மறைக்கக் கையுறை, முந்தைய ஷாட்டோடு ஒட்டாது.' வேண்டாம், கையெழுத்து. செட்டுல காயமே படலைன்னா எந்தக் கட்டுக்குய்யா கையெழுத்துப் போட்டே?"

ஆமாம், "போட்டே" என்றுதான் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை ஒரு டைரக்டரை ஒருமையில்.

தலைவி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சாமான் பெரியவர் எழுந்தார். அவரைக் கம்பெனி சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார்கள். "பெட்டியிலேருந்து அந்தக் கத்திய எடுத்துக் குடுத்தது நான்தாம்மா. குடுத்திருக்கக் கூடாது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் கடைசியாக வாயைத் திறந்தார். "ஒரு நல்ல ஷாட்டுக்காகத்தானே கேட்டேன்."

அதைக் கேட்டு அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என்னைக் கேட்டீங்களா சார்?"

செப்டம்பர் 2, செவ்வாய்

முகமூடி போட்ட ஸ்டண்ட்காரர் போன் செய்தார். மூன்றாவது ஆள், குட்டையானவர். அன்றைக்கு அவர் கையில் கொடுத்தது எந்தக் கத்தி என்றே அவருக்குச் சொல்லவில்லையாம். எடை வித்தியாசமாக இருந்தது, கேட்பதற்குள் ஆக்‌ஷன் சொல்லிவிட்டார்கள். "நான்தானே அக்கா வெட்டினேன். ஆறு மாசமா யாராவது என்னைத் திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன். யாரும் திட்டல" என்று அழுதார்.

திட்ட வேண்டிய ஆட்கள் வேறு என்றேன். அவளை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். பயமாக இருக்கிறதாம். இருக்கட்டும், பயத்தோடு போங்கள் என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒப்புக்கொண்டிருந்த விளம்பரப் படத்திலிருந்து தகவல்: வேறு ஆள் போட்டாச்சு. ஒரு வரி. ஒரு 'மன்னிக்கவும்'கூட இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது.

கை சரியாகும் வரை சிகிச்சை கம்பெனி பொறுப்பு. எழுத்தில் மன்னிப்பு. டைரக்டருக்கு மூன்று மாதம் தடை. பொய்த் தாள் எழுதியதற்காக எனக்கு ஆறு மாதம்.

எனக்கு ஆறு, அவருக்கு மூன்று! மறுபடி படித்துப் பார்த்தேன், எண் மாறவில்லை. தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் கத்தியை எடுக்கச் சொன்னவனை விட, எழுதினவ ரெண்டு மடங்கு குத்தவாளியா? எந்தத் தராசுய்யா இது? தலைவியிடம் போய்க் கேட்டே விட்டேன். "அவர் பெரிய கம்பெனியோட ஆளும்மா" என்றார். அந்தம்மா முகத்திலும் வெட்கம் இருந்தது. வெட்கத்தை வைத்து என்ன செய்வது, கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வதா?

ஒன்று மட்டும். வேறென்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டார்களாம். அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறாள். அந்த ஷாட்டைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். ட்ரெய்லரிலிருந்தும். சத்தத்தோடு. டைரக்டர் குதித்தாராம், "படத்தோட உயிரே அதுதான்!" என்று. தலைவி, "உயிர் அவளோடது" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்தம்மாவை முக்கால்வாசி மன்னித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேலை இல்லாத பதினொன்றாவது நாள். பரீட்சைத் தாள் அச்சடிக்கும் இடத்தில் பிழை பார்க்க ஆள் வேண்டும் என்று இவர் விசாரித்து வந்தார். போனேன். முதல் பக்கத்திலேயே எட்டாம் கேள்விக்கு அப்புறம் பத்தாம் கேள்வி. சொன்னேன். உடனே திருத்தினார்கள். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மேற்பார்வைக்காரர். இல்லை, இப்படி உடனே திருத்துவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

வெட்டின புதுப் பிரதி இணையத்தில் வந்துவிட்டது. மத்தியானம், வீட்டில் தனியாக, அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன்.

அவள் பின்வாங்குகிறாள். தொட்டியில் முட்டுகிறாள். முகமூடி அவளை நோக்கி ஓரடி வைக்கிறான். அடுத்த நொடி அவள் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருக்கிறாள், ஒற்றைக் கையுறையோடு. நடுவில் ஒன்றும் இல்லை. படம் துள்ளுகிறது, பல் விழுந்த வாய் மாதிரி அப்பட்டமாகத் தெரிகிறது. பதினோரு வருடத்தில் இவ்வளவு மோசமான தாவலை நான் எந்தப் படத்திலும் விட்டதில்லை.

கீழே ஒருத்தன் எழுதியிருக்கிறான்: "இங்க ஒரு துண்டையே காணோம். யார் பார்த்த வேலை இது?"

அதற்கு நூற்றுக்கணக்கான சிரிப்பு. இன்னொருத்தன், அந்தக் கத்து எங்கே, அதுதானே படத்திலேயே நல்ல இடம் என்று கேட்டிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டேன். பதில் எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதி, அழித்துவிட்டேன். அவனுக்கு எதற்கு?

மூன்று மணி வாக்கில் அவளிடமிருந்து செய்தி.

"அக்கா, இன்னிக்கு எங்க அக்காவும் நானும் முதல்தடவை முழுப் படமும் பார்த்தோம்."

அடுத்தது வருவதற்குள் ஒரு யுகம் ஆனது.

"ரொம்ப மோசமான படம் அக்கா."

ஆமாம் என்று எழுதி அனுப்பினேன்.